பதினோராவது வாரம்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இத்தனை நாள் பதில் போடாதது தப்புதான், திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். நெட்டைக்கு வரவிருந்த மாற்றல் நின்றுபோனது, கால் தரையில் படவில்லை அவனுக்கு. கணக்கு மிஸ்ஸும் உன்னைப் பற்றிக் கேட்டார். "இப்போதாவது பின்னத்தைக் கண்டு ஓடாமல் இருக்கிறாளா?" என்பதுதான் அவர் கேட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். "இந்த ஊர் எனக்கு ஒட்டவே இல்லை, மூன்று மாதம் முடிந்ததும் திரும்பிவிடுவேன்" என்று எழுதியிருந்தாயே, அந்த வரிதான் மனதைக் குடைகிறது. திரும்பி வருவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த முடிவைப் புது ஊருக்குப் போன பதினோராவது வாரத்தில் எடுக்காதே. ஒரு ஊரை எடை போடுவதற்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது. முதல் ஆறு வாரம் பெட்டி பிரிப்பது, முகவரி மாற்றுவது, பேருந்து எண் தெரிந்துகொள்வது என்று ஓடிவிடும். அந்த ஓட்டம் நின்றதும், பேச ஆளில்லை என்பது பளிச்சென்று தெரியும். கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர் 1960இலேயே இதைக் கட்டம் கட்டமாக எழுதிவைத்தார்: முதலில் மயக்கம், பிறகு நெருக்கடி, அப்புறம்தான் மெல்ல மீள்வது. எல்லோருக்கும் இதே வரிசையில் வருவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் நடுவில் ஒரு பள்ளம் உண்டு என்பது பலருக்கும் பொருந்துகிறது. நீ இப்போது அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறாய்.

இனி கணக்கு, ஓடாதே. அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக ஊர் மாறியவர்களிடமே கேட்டுப் பார்த்தார். தெரிந்த முகம் ஒன்று சும்மா பேசிப் பழகும் நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம். நெருக்கமான நட்புக்கு 200க்கும் மேல். அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் நேரம் இதில் அவ்வளவாகச் சேராது. சும்மா இருந்து பேசிச் சிரிக்கும் நேரத்துக்குத்தான் மதிப்பு. வாரம் இரண்டு மணி நேரம் ஒரே ஆட்களைப் பார்த்தாலும் 50ஐத் தொட 25 வாரம் ஆகும். அரை வருஷம்! பதினோரு வாரத்தில் 22 மணி நேரம்தான் சேர்ந்திருக்கும், அதுவும் ஒரு வாரமும் விடாமல் போயிருந்தால்.

நீ என்ன செய்தாய்? ஆறு இடத்துக்குத் தலா ஒரு தடவை போய்விட்டு, "யாரும் ஒட்டவில்லை" என்கிறாய். ஆறு இடத்தில் இரண்டிரண்டு மணி நேரம் என்பது பன்னிரண்டு ஆகாதடி, எந்த இடத்திலும் இரண்டு இரண்டாகவேதான் நிற்கும். ஆகவே ஐந்தை விட்டுவிட்டு ஒன்றை வைத்துக்கொள். எதை வைத்துக்கொள்வது என்றால், வாரா வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே ஆட்கள் வரும் இடம். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து கற்கும் வகுப்பு, ஏதாவது விளையாட்டுக் குழு, வாசிப்பு வட்டம், சேர்ந்து பாடும் குழு, எதுவானாலும் சரி. பெரிய கூட்டம், வாரம் ஒரு புதுமுகம் என்றிருக்கும் இடம் வேண்டாம், அங்கே கணக்கு ஏறவே ஏறாது. கால் மணி நேரம் முன்னால் போ, கால் மணி நேரம் கழித்துக் கிளம்பு. பேச்சு நடப்பதே அந்த இரண்டு கால் மணியில்தான். ஆறு முறை போவதற்குள் பிடிக்கவில்லை என்று சொல்லக் கூடாது.

அப்புறம், அந்த இடத்தைத் தாண்டியும் பழக்கம் வளர வேண்டும். பலர் முட்டி நிற்பது இங்கேதான். வருஷக்கணக்காக வகுப்பில் சிரித்துக்கொள்வார்கள், வாசலோடு சரி. நாலாவது வாரம் வாக்கில் ஒருத்தியிடம், "நானும் அந்தப் பக்கம்தான், சேர்ந்து நடக்கலாமா?" என்று கேட்டுப் பார். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். முடியாது என்றாலும் அடுத்த வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, உன் சுபாவம் தெரிந்துதான் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டையும் மறக்காதே. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பில் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு 1950இல் வந்தது. யார் யாருக்கு நட்பு என்பதைக் கதவுக்குக் கதவு இருந்த தூரமே பெரிதும் தீர்மானித்திருந்தது. மாடிப்படிக்கும் தபால் பெட்டிக்கும் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்குப் பழக்கம் கூடுதல். லிஃப்டில் குனிந்து போனைப் பார்க்காமல் நிமிர்ந்து நில்.

தூக்கம் வரவில்லை என்றாய். புது இடத்தில் தூக்கம் பிடிக்காது என்பது உண்மைதான். பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2016இல் அளந்து பார்த்தபோது, புது இடத்தில் படுக்கும் முதல் நாள் மூளையின் ஒரு பாதி காவல் காப்பதுபோல் ஆழமாக உறங்காமல் இருந்தது. ஆனால் அது முதல் நாள் சமாச்சாரம். பதினோரு வாரம் கழித்தும் ராத்திரி இரண்டு மணிக்கு "யாரோ சீறுவதுபோல்" சத்தம் கேட்டு விழிக்கிறாய் என்றால், எனக்குச் சந்தேகம் உன் கழிப்பறை ஃபிளஷ் டேங்க் மேல்தான். அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் வழியே தண்ணீர் கசிந்து மட்டம் இறங்கும், உடனே மிதவை வால்வு திறந்து 'ஸ்ஸ்' என்று நிரப்பும். பகலில் காதில் விழாது.

டேங்க் மூடியைத் திறந்து நாலு சொட்டு மை விடு. அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் இருக்கட்டும். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் கசிவு உறுதி. முதலில் தண்ணீர் மட்டத்தைப் பார். நடுவே நிற்கும், மிஞ்சிய தண்ணீர் வழியும் குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிற்க வேண்டும். வாய்வரை வந்து வழிந்தால் மிதவையை இறக்கி வைத்தாலே போதும். மட்டம் சரியாக இருந்தும் நிறம் இறங்கினால் குற்றவாளி வாஷர். சுவரோரம் இருக்கும் வால்வை மூடி, ஒரு முறை ஃபிளஷ் செய்து டேங்கைக் காலி செய். வாஷரைக் கழற்றி, அது உட்காரும் விளிம்பில் படிந்த உப்பைத் துடை. வாஷர் விறைத்தோ விளிம்பு சுருண்டோ இருந்தால் புதிதுதான். பழையதையே கையில் எடுத்துப் போய்க் காட்டி வாங்கு. வாயால் அளவு சொன்னால் தப்பானதோடு திரும்பி வருவாய்.

வழி தவறுவதைப் பற்றியும் புலம்பியிருந்தாய். போகும்போது வரைபடத்தைப் பார்த்துக்கொள், வரும்போது போனைப் பையில் போட்டுவிடு. வாரம் ஒரு திசையில் கால் மணி நடை. நாலு வாரத்தில் வீட்டைச் சுற்றி மனதில் ஒரு படம் விழுந்துவிடும்.

இன்னொன்று, இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. தினமும் ராத்திரி எங்களோடு இரண்டு மணி நேரம் பேசுகிறாய். எங்களுக்கும் அது வேண்டியிருக்கிறது. ஆனால் வாரத்தில் இரண்டு சாயங்காலமாவது எங்களை விட்டுவிட்டு வெளியே போ. உன்னை விலக்குகிறோம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதே, கலா. எங்கள் கணக்கில் ஆயிரம் மணி நேரம் எப்போதோ தாண்டியாகிவிட்டது, அது எங்கும் போகாது.

வீட்டு நினைப்பு வருவதே நோய் என்று 1688இல் ஒரு மருத்துவ மாணவர் ஆய்வேடு எழுதி, அதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயரும் வைத்தார். இன்று யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்கப் பாரமாகவே இருந்தால், அதை ஊர் மேல் போட்டுவிட்டு உட்காராதே. டாக்டரைப் பார். அப்படி இருந்தால் எனக்கு உடனே சொல், எந்த நேரமானாலும்.

மை சொட்டு விட்டுப் பார்த்ததும் எழுது. கடிதத்தின் முதல் வரியில் எந்த இடத்தைப் பிடித்தாய், எத்தனை மணி நேரம் ஏறியிருக்கிறது என்று எண்ணை மட்டும் போடு. மிஸ்ஸிடம் காட்டுகிறேன்.

உன்,
வசந்தி