முன்பள்ளிப் பெற்றோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் ஆசிரியைமாருக்கும் வருகை தந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

தைப்பொங்கல், விளையாட்டு விழா, வாணி விழா, ஒளிவிழா நான்கும் வழமைபோல நடந்தன. சிரமதானத்தில் கிணறு இறைத்தோம். முன்வேலி அடைத்தாயிற்று, பின்வேலி இன்னும் கிடக்கிறது.

முட்டைத் தட்டு, போத்தல் மூடி, புளியங்கொட்டை கொண்டு பிள்ளைகளுக்கு நாங்களே செய்த எண் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "கடையில பிளாஸ்டிக் சாமான் வாங்கியிருக்கலாமே" என்று குறை சொன்ன பலர், அதைச் செய்த நாட்களில் இந்தப் பக்கம் வரவில்லை.

ஒன்று முதல் இருபது வரை மூச்சுவிடாமல் சொல்லும் பிள்ளையிடம் நான்கு மூடியை எண்ணக் கொடுத்துப் பாருங்கள். விரல் இரண்டாவது மூடியில் நிற்கும், வாய் ஐந்துக்குப் போய்விடும். சரியாக எண்ணிய பிள்ளையிடம் "அப்ப எத்தனை?" என்று கேட்டால் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது மூன்று, நான்கு வயதில் தானாக விளங்கிவிடாது. கையால் தொட்டு, எடுத்து, வைத்துத்தான் விளங்கும். அதற்குத்தான் இந்த விளையாட்டு.

முப்பது முட்டை வரும் மட்டைத் தட்டை மூன்றாக வெட்டினால், ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, பத்துக் குழி. குழிக்குள் போடச் சோடாப் போத்தலின் பிளாஸ்டிக் மூடி. தகர மூடி வேண்டாம், விளிம்பு கையைக் கிழிக்கும். தாயக்கட்டைக்குப் பதில் ஐந்து புளியங்கொட்டை. ஒரு பக்கத்தை மட்டும் வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டும். நம் அம்மம்மாமார் தாயம் விளையாடிய அதே முறைதான். அவர்களில் இருவர் முன்பள்ளித் திண்ணைச் சீமெந்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தேய்த்துத் தந்தார்கள். தேய்த்த சூட்டோடு கொட்டையைப் பேரப்பிள்ளையின் கையில் வைக்க, அது கத்திக்கொண்டு ஓடியது. அப்புறம் எல்லாப் பிள்ளைகளும் வந்து கையை நீட்டின.

ஐந்தையும் உருட்டி, எத்தனை வெள்ளை விழுந்ததோ அத்தனை மூடியை எடுத்து, ஒரு குழிக்கு ஒன்றாக வைக்க வேண்டும். பத்தும் முதலில் நிரப்புபவருக்கு வெற்றி. ஐந்தும் கறுப்பாக விழுந்தால் எடுக்க ஒன்றுமில்லை. பூச்சியத்தைப் பிள்ளைகள் அப்படித்தான் பிடித்துக்கொண்டார்கள். மூன்று வெள்ளை என்றால் இரண்டு கறுப்பு என்பதை இப்போது சிலர் எண்ணாமலே சொல்கிறார்கள். ஒருநாள் ஒரு சின்னவள் ஏழு மூடி வைத்த தட்டைப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இன்னும் மூண்டு வேணும்" என்றாள். அவளுக்கு யாரும் கழித்தல் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு விடயத்தில் கண்டிப்பாக இருந்தேன், இனியும் இருப்பேன். வேலியோரக் குண்டுமணி பார்க்க வடிவுதான், ஆனால் நஞ்சு. கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஒரு மணியும் முன்பள்ளிக்குள் வரக்கூடாது. புளியங்கொட்டையும் தம்பி தங்கைமாரின் தொண்டையில் சிக்கக்கூடியது என்பதால், ஆட்டம் முடிந்ததும் ஐந்தையும் பிள்ளைகளே எண்ணிப் பேணியில் போட்டு ஆசிரியையிடம் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தவர்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்குவார்கள். அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடை நேரத்தில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். வைகாசிக் கூட்டம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலோடு வந்துவிட்டது, அதுவும் சரி. ஆனால் வெட்டும் பொங்கலும் இல்லாத ஆனி மாதக் கூட்டத்துக்கும் ஆள் போதாமல் ஒத்திவைத்தோமே, அதற்கு என்ன காரணம்? மட்டை வெட்ட அப்பாமாரைக் கேட்டோம். ஒருவரும் வரவில்லை.

சந்தாவும் அப்படித்தான். மாதம் 100 ரூபா. ஆண்டு முழுவதும் கட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. வீட்டு நிலைமை கஷ்டமான குடும்பங்களைச் சங்கம் ஒருநாளும் நெருக்கியதில்லை. நான் சொல்வது வசதியிருந்தும் கட்டாதவர்களை.

கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். வரவு செலவைவிடச் சற்றுக் கூட, கையில் சிறு தொகை மிச்சம். எண் விளையாட்டுக்குப் பசை, கத்தரிக்கோல் தவிர ஒன்றும் வாங்கவில்லை.

தலைவர், ஆசிரியைமார், கிராம அலுவலர், கதிரை தந்த கோயில் நிர்வாகத்தினர், தட்டுகளைச் சேர்த்துத் தந்த கடைக்காரர்கள் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி.

மாரி ஈரத்தில் மட்டைத் தட்டுகள் பல ஊறிப்போயின. அடுத்த ஆண்டு பனையோலையில் பத்து அறை வைத்துப் பின்னலாம் என்று யோசனை. ஓலை வெட்டித் தர மரம் ஏறத் தெரிந்த இருவரும், பின்னத் தெரிந்தவர்களும் வேண்டும். செயலாளர் பதவிக்கு யார் வந்தாலும் தேய்த்த கொட்டைகளையும் பேணிகளையும் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். என்னையே இருக்கச் சொன்னாலும் மறுக்க மாட்டேன், ஆனால் வேலைக்கு ஆள் வர வேண்டும். வருகிறவர்கள் இன்றைக்கே பெயர் தாருங்கள். நிலுவைச் சந்தாவை வாங்கப் பொருளாளர் வாசலில் மேசை போட்டு இருக்கிறார்.

செயலாளர்