பேய்க்கதைக்கு ஐந்தொகை வேண்டாம்

கோட்டையூர்

அன்புள்ள உமையாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தி எங்கள் எல்லோருக்கும் மிகுந்த மகிழ்ச்சி. மருமகளுக்கும் குழந்தைக்கும் எங்கள் வாழ்த்துகளைச் சொல். இங்கே அனைவரும் நலம். பங்காளிகள் கூடி, முன்னோரை வழிபடும் படைப்புக்கு நாள் வைத்திருக்கிறார்கள் என்பதால் நெடுநாளாகப் பூட்டிக் கிடந்த அறைகளைத் திறந்து ஒட்டடை அடித்துக்கொண்டிருக்கிறோம். பகல் அந்த வேலையில் போய்விடுகிறது. இரவு நீ அனுப்பிய புத்தகங்களோடு போகிறது.

உன்னுடைய குறையிலிருந்தே தொடங்குகிறேன். ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய 'த ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' நாவலைக் கண்விழித்துப் படித்து முடித்த பிறகும், இரவில் கதவைத் தட்டியது யார், சுவரில் எழுதியது யார் என்பதை ஆசிரியர் சொல்லவே இல்லை, இது வாசகரை நட்டாற்றில் விடும் வேலை என்று எழுதியிருந்தாய். இந்த ஒரு விஷயத்தில் உன்னோடு நான் உடன்பட முடியாது. அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வாரங்களில் படித்த எல்லாக் கதைகளும் என்னை இந்த ஒரே கேள்விக்குத்தான் கொண்டுவந்து நிறுத்தின.

திகில் கதையும் துப்பறியும் கதையும் புத்தகக் கடையில் ஒரே தட்டில் கிடந்தாலும், அவை வாசகருக்குப் பட்டிருக்கும் கடன் ஒன்றல்ல. துப்பறியும் கதை எழுதுகிறவர், பர்மாவில் தவணை என்னும் பணிக்காலத்தை முடித்துத் திரும்பிய ஏஜெண்டு முதலாளியின் முன்னால் ஐந்தொகை என்னும் கணக்கு முடிப்பை விரித்துக் காட்டியதைப் போல, வரவையும் பற்றையும் காசு பிசகாமல் ஒப்பித்தே ஆக வேண்டும். பேய்க்கதை எழுதுகிறவருக்கு அந்தக் கடமை இல்லை என்பது மட்டுமல்ல, கணக்கை அப்படி முடித்துவிட்டால் அவருடைய கதை அந்த இடத்திலேயே செத்துப்போகும் என்பது என் எண்ணம்.

கணக்கு ஒப்பிப்பதிலும் எத்தனை உயரம் போக முடியும் என்பதற்குக் கெய்கோ ஹிகாஷினோவின் 'த டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' ஒன்றே போதும். 2005இல் ஜப்பானிய மொழியில் வந்த நாவல். கொலை செய்தது யார் என்பது தொடக்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. யசுகோவும் அவள் மகளும் அவளுடைய முன்னாள் கணவனைக் கொல்வதை நாம் பக்கத்தில் நின்று பார்க்கிறோம், அடுத்த வீட்டுக் கணித ஆசிரியர் இஷிகாமி அவர்களைக் காப்பாற்றப் புறப்படுகிறார். இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று நாம் நினைக்கும் அந்த நிம்மதியையே ஹிகாஷினோ தம் மறைவிடமாக்கிக்கொள்கிறார். முதல் பக்கங்களில் இஷிகாமி மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்க ஆற்றங்கரை வழியே நடந்து போவதும், நீலத் தார்ப்பாய்க் குடில்களில் வாழும் வீடற்ற மனிதர்களைக் கடந்து போவதும் உனக்கு நினைவிருக்கும். அதை ஊர் வர்ணனை என்று எண்ணித்தானே இருவரும் படித்தோம்? அதுவே பேரேட்டின் முதல் வரி என்பது கடைசியில் தெரியவந்தபோது, நான் புத்தகத்தைத் தொடக்கத்திலிருந்து புரட்டி ஒவ்வொரு பதிவாகச் சரிபார்த்தேன், ஒன்றுகூடத் தவறவில்லை. நேர்மையான துப்பறியும் கதை என்றால் எனக்கு இதுதான். படிக்கிறவருக்கு எல்லாமே காட்டப்பட்டிருக்க வேண்டும், ஆனால் அவர் பார்த்திருக்கக் கூடாது.

நம் செட்டிநாட்டுப் பக்கத்துக்கு இந்த வகைக் கதையில் உரிமை கொஞ்சம் கூடுதல் என்று நான் எப்போதும் பெருமையாக நினைப்பதுண்டு. துப்பறியும் சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன் தேவகோட்டையில் பிறந்தவர். வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் காலத்துத் துப்பறியும் நாவல்களைத் தீவிர வாசகர்கள் ஒதுக்கி வைத்திருந்த நாளிலும் பழம்புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர் நம் கோட்டையூர் ரோஜா முத்தையா. 1992இல் அவர் காலமான பின், அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால்தான் இன்று அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது.

ஹில் ஹவுஸுக்கு வருகிறேன். அந்தப் பேய்வீட்டுக்கு வந்து தங்கும் எலினார் யார் என்பதை எண்ணிப் பார். நோயாளித் தாயைப் பதினோரு ஆண்டுகள் கவனித்துக்கொண்டு, தன் வாழ்க்கை என்று ஒன்று இல்லாமலே வயது ஏறிப்போனவள். ஓரிரவு தாய் மருந்துக்காகச் சுவரைத் தட்டினாள், தான் எழுந்து போகவில்லை, அல்லது விழித்துக்கொண்டும் மறுபடி தூங்கிவிட்டோமோ என்ற உறுத்தலை அவள் அந்த வீட்டுக்குள் சுமந்துகொண்டு வருகிறாள். அந்த வீட்டில் நடு இரவில் முதன்முதலாகத் தட்டும் ஓசை கேட்டவுடன், அரைத்தூக்கத்தில் 'இதோ வருகிறேன் அம்மா' என்றுதான் அவள் வாய் சொல்கிறது. இதற்குப் பிறகு, தட்டியது இன்னாருடைய ஆவி என்று ஆசிரியர் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்? தட்டியது பேயா, வீடா, எலினாரின் நெஞ்சா என்று மூன்றையும் ஒருசேர நினைக்க வைப்பதால்தான் அந்த ஓசை நமக்கும் கேட்கிறது. இருட்டில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும், தன்னைப் போலவே அங்கே வந்து தங்கிய தியோடராவின் கையை இறுகப் பற்றிக்கொண்டு எலினார் நடுங்குகிற இடமும் அப்படித்தான். விளக்கு வந்ததும் தியோடரா எட்டாத தொலைவில் இருக்கிறாள். அப்படியானால் இதுவரை பிடித்திருந்தது யாருடைய கை என்ற கேள்வியோடு ஜாக்சன் நிறுத்திவிடுகிறார். அந்தப் பக்கத்தைப் படித்த இரவு நான் போர்வைக்கு வெளியே கையை நீட்டவில்லை.

'த மங்கீஸ் பா' சிறுகதையையும் இதோடு சேர்த்துப் பார். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் வெளியிட்ட கதை. இந்தியாவில் ஒரு வயதான பக்கீர் மந்திரித்துக் கொடுத்த குரங்குப் பாதம் பட்டாளத்துக்காரர் ஒருவரோடு இங்கிலாந்து போய்ச் சேருகிறது. கேட்ட 200 பவுன் கிடைக்கிறது, ஆனால் மகன் இயந்திரத்தில் சிக்கி இறந்ததற்கான ஈட்டுத் தொகையாகக் கிடைக்கிறது. இரண்டாம் வரத்தால் எழுந்து வந்தவன் கதவைத் தட்டிக்கொண்டிருக்க, தாய் எட்டாத தாழ்ப்பாளோடு போராடுகிறாள், தந்தையோ மூன்றாம் வரத்தைக் கேட்பதற்காகத் தரையில் பாதத்தைத் துழாவுகிறார். கதவு திறக்கும்போது தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. வந்தவன் எந்தக் கோலத்தில் வந்தான் என்பதை ஜேக்கப்ஸ் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் அருவருப்போடு நாம் தப்பித்திருப்போம். எழுதாததால், அந்தத் தாயோடு சேர்ந்து நாமும் தாழ்ப்பாளைத் திறக்க ஆசைப்படுகிறோம், திறந்துவிடக் கூடாதே என்றும் பதறுகிறோம்.

இது வெள்ளைக்காரர்கள் மட்டும் அறிந்த வித்தை அன்று. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யில், இரவில் விழித்திருந்து எழுதும் ஒரு மனிதரின் வீட்டுக்குள் நறுமணமும் பிணம் எரியும் வாடையும் மாறி மாறி வருகின்றன; மனைவி ஒரு பிச்சைக்காரியை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள்; அவ்வளவுதான். நாற்றம் எங்கிருந்து வந்தது என்று நாம் கதையை உலுக்கிக் கேட்டாலும் பதில் இல்லை. இன்னும் பின்னே போனால் மணிமேகலையில் சார்ங்கலன் இருக்கிறான். சுடுகாட்டில் பிணத்தின் தலையை ஏந்தி ஆடும் பேய்மகளைக் கண்டு அஞ்சி ஓடிவந்து தாயிடம் உயிரை விடும் சிறுவன். தாய் முறையிடும்போது, அணங்கும் பேயும் உயிரை உண்பதில்லை, ஊழ்வினைதான் உண்டது என்று சம்பாபதி சொல்லிவிடுகிறாள். பேய் அவனைத் தொடவே இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் அந்தக் காதையின் மிகக் கொடிய செய்தி.

நீ தலைமேல் வைத்துக் கொண்டாடும் 'டிராகுலா'வைப் பற்றியும் மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட அந்த நாவலின் முதல் நான்கு அத்தியாயங்களுக்கு ஈடு நான் படித்ததில்லை. இரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபு கோட்டைச் சுவரில் தலைகீழாக ஊர்ந்து இறங்கும் காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என்னை உலுக்கியது வேறு. அத்தனை பெரிய கோட்டையில் ஒரு வேலைக்காரரையும் காணோமே என்று அங்கே விருந்தாளியாகத் தங்கியிருக்கும் ஹார்க்கர் யோசித்துக்கொண்டிருக்கும்போது, கதவின் கீல் இடுக்கு வழியாகப் பிரபுவே ஹார்க்கருக்காகப் படுக்கை விரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறான். அந்த வீட்டில் தாங்கள் இருவர் மட்டுமே என்பது அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. படுக்கை விரிப்பது போன்ற ஒரு சாதாரண வீட்டு வேலை இத்தனை பயங்கரமாக முடியும் என்பதை வேறு யாரும் எனக்குக் காட்டியதில்லை. பிரபு ஏறிவரும் டிமீட்டர் கப்பலின் குறிப்பேட்டில் மாலுமிகள் ஒவ்வொருவராகக் குறைந்துவர, தலைவன் தன் கைகளைச் சுக்கானோடு கட்டிக்கொள்ளும் பகுதியும் அந்தத் தரத்தைச் சேர்ந்ததே. ஆனால் ஹார்க்கரின் மனைவி மீனா எல்லா நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தட்டச்சு செய்து தேதிவாரியாக அடுக்கி முடித்த பிறகு என்ன நடக்கிறது? ரயில் நேரம், படகுப் பாதை, பெட்டிகளின் எண்ணிக்கை என்று அது விறுவிறுப்பான துரத்தலாக மாறுகிறது. வேகம் இருக்கிறது, அச்சம் போய்விட்டது. கணக்கு எழுதப்பட்டதோடு பிரபு தப்பியோடும் குற்றவாளியாகிவிட்டார்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் நம் ஊர் நினைவு வந்தது. நம் வீடுகளைப் பேய்ப் படம் எடுக்கக் கேட்கிறார்கள். வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், புகையைப் பரப்பி, தேக்குத் தூணுக்குப் பின்னால் வெள்ளைச் சேலையை நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்த வீடுகளுக்குரிய அச்சம் அதுவன்று என்று எனக்கு அழுத்தமாகத் தோன்றுகிறது. வளவைச் சுற்றிப் புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வோர் ஆணின் குடும்பத்துக்கும், ஓர் அறை. ஒவ்வொன்றின் சாவியும் ஒவ்வோர் ஊரில் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பது பக்கத்து அறைக்காரருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள உரிமையும் இல்லை. முகப்பில் ஓர் ஆச்சி மட்டும் அத்தனை அறைகளுக்கும் காவலாகப் படுத்திருக்கிறாள். ஜாக்சன் கற்பனையில் கட்ட வேண்டியிருந்த வீடு நமக்கு ஊருக்கு ஊர் நிற்கிறது. அதற்குத் தக்க நாவலைத்தான் இன்னும் ஒருவரும் எழுதவில்லை என்று வருந்துகிறேன்.

எழுதினால் டிராகுலாவைப் போலக் கடிதங்களாகவே எழுத வேண்டும் என்பேன். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்ய, போனவர்கள் ரங்கூனிலிருந்தும் மாந்தலேயிலிருந்தும் எழுதிய கடிதங்கள் இல்லாத பெட்டகம் இங்கே எந்த வீட்டில் இருக்கிறது? 1941 டிசம்பரில் ரங்கூன்மீது குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் வசமானது. இடையில் எத்தனையோ பேர் காட்டு வழியே நடந்தே புறப்பட்டார்கள், பலர் வந்து சேரவில்லை. வட்டிக் கணக்கும் பிள்ளைப்பேறு விசாரிப்பும் மாமூலாக நிறைந்த ஒரு கடிதக்கட்டில், அந்த மார்ச்சுக்குப் பிறகும் அதே கையெழுத்தில், அதே நலம் விசாரிப்போடு கடிதங்கள் தொடர்ந்தால் எப்படி இருக்கும்? எழுதியவர் யார் என்பதைக் கடைசி வரை சொல்லக் கூடாது. வீட்டில் யாருக்குக் குழந்தை பிறந்தது, எந்தத் தூணில் விரிசல் விட்டது என்பதெல்லாம் அந்தக் கடிதங்களுக்கு எப்படித் தெரிகிறது என்பதையும் சொல்லக் கூடாது. அவற்றுக்கு ஆச்சி பதில் எழுதினாளா என்பதை மட்டும் சொன்னால் போதும்.

பள்ளிக்கூட நாளில் கதை எழுதி எங்களையெல்லாம் மிரட்டியவள் நீ. இதை எடுத்துக்கொள்வதாக இருந்தால், பெட்டகத்தில் ஐயா எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு இருக்கிறது. அந்தக் காலத்துக் கடித நடையும் பணம் அனுப்பும் சீட்டான உண்டியல், தவணை பற்றிய பேச்சும் உனக்குப் பிடிபடும்படி சிலவற்றைப் படியெடுத்து அனுப்புகிறேன். படைப்பு முடிந்து பங்காளிகள் புறப்பட்ட பிறகுதான் உட்கார்ந்து எழுத முடியும். அதற்குள் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' நாவலை நீ மறுபடி படித்துவிடு. பேயா விஞ்ஞானமா என்ற வழக்கையே கதையாக்கிய அந்த நாவலில் வக்கீல் கணேஷ் கணக்கை முடித்துவிட்டானா, இல்லையா என்பதில் உன் தீர்ப்பை அறிய விரும்புகிறேன்.

என்றும் அன்புடன்,
வள்ளியம்மை