ஸ்லாப் போடுவதற்கு முன்: வீடு கட்டித் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும்,

வணக்கம். கட்டி முடித்த வீடுகளில் வயரிங்கை மாற்றிக் கொடுப்பது என் தொழில். இண்டக்‌ஷன் அடுப்பு, ஏசி, சோலார், மின்சார ஸ்கூட்டர் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வரும்போது என்னைக் கூப்பிடுகிறார்கள். போனதும் நான் செய்கிற முதல் வேலை, நீங்கள் பூசிப் பெயின்ட் அடித்துக் கொடுத்த சுவரைக் கட்டர் வைத்து வெட்டுவதுதான். கிரகப்பிரவேச மாவிலை காய்வதற்குள் வெட்டிய சுவர்களும் உண்டு. மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

சமையலறையைப் பாருங்கள். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். மேடைக்கு மேலே இருப்பதோ மிக்சிக்கு வைத்த 6 ஆம்பியர் பிளக். அதற்கு வரும் வயரும் லைட், ஃபேன் லைனிலிருந்து எடுத்ததாகவே இருக்கிறது. வீட்டுக்காரர் கன்வெர்ஷன் பிளக் மாட்டி ஓட்டிக்கொண்டிருப்பார். போர்டைக் கழற்றினால் சாக்கெட்டின் பின்பக்கம் பழுப்பேறி, வயரின் தோல் இளகி ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் மின்சாரம் பிரியும் டிபி பாக்ஸிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. வயர், 16 ஆம்பியர் பவர் பிளக், லோடு கூடினால் தானாக அணையும் எம்சிபி சுவிட்ச் அதற்கென ஒன்று. கட்டும்போதே போட்டால் ஆகும் செலவு, பிறகு வெட்டிப் பூசும் கூலிக்குக்கூடக் காணாது. வண்டி நிறுத்தும் இடத்துக்கும் இதே மாதிரி ஒரு லைன் வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் எந்த வீட்டையும் ஒப்படைக்காதீர்கள்.

அப்புறம், மொட்டை மாடி. 2024-இல் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதற்குச் சுமார் 300 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். நாமோ வாஸ்து பார்த்துத் தண்ணீர்த் தொட்டியைக் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், ஏற்றுகிறோம். அது வீட்டுக்காரர் நம்பிக்கை, அதில் தலையிட நான் சொல்லவில்லை. ஆனால் மதியத்துக்கு மேல் அந்தத் தொட்டியின் நிழல் கிழக்கே நீண்டு மாடியில் விழுகிறது. ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் அதோடு வரிசையாக இணைத்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் குறையக்கூடும். பிளான் போடும்போதே பேனலுக்கு இடம் குறித்துவிட்டுத் தொட்டியின் உயரத்தையும் மாடிப்படிக்கு மேல் வரும் ஹெட்ரூமையும் முடிவு செய்யுங்கள். மாடியிலிருந்து மீட்டர் போர்டு வரை ஒரு காலி பைப்பைப் பதித்து, வயர் இழுக்க வசதியாக உள்ளே ஒரு கம்பியை விட்டுவையுங்கள். சோலாருக்கான எர்த் குழிக்கும் இடம் விடுங்கள்.

தளத்தின் மேல் வெள்ளை கூலிங் டைல்ஸ் ஒட்டினால் வெயில் கீழே இறங்குவது குறையும், ஏசிக்கும் அவ்வளவு வேலை இருக்காது. இதை எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள், நான் நீட்டவில்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். பூச்சு வேலை தொடங்குமுன் பைப் பதித்த எல்லாச் சுவர்களையும் தளத்தையும் போனில் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். பத்து வருடம் கழித்து வேறு யார் வந்து வேலை பார்த்தாலும் எங்கே துளை போடக் கூடாது என்பது தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வயர்மேன்