கோழிக்குஞ்சுக்குச் சூடு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்கழிப் பனி இறங்கியதும் பல்லடம், உடுமலை வட்டாரக் கறிக்கோழிக் கொட்டகைகளில் பக்கப் படுதாவை உச்சிவரை இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். குஞ்சு விறைக்கும் என்ற பயம் நியாயமானதே. ஆனால் அடைபட்ட காற்றும் கொல்லும். கரியடுப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் சேரும். தரையில் பரப்பிய உமிக் கூளம் ஈரமானால் அதிலிருந்து அமோனியா கிளம்பும். பிராணவாயு குறைந்து வளர்ந்த கோழி, பின்வாரங்களில் வயிற்றில் நீர் கோத்துச் சாகும்.

படுதாவின் அடியை இறுக்கிக் கட்டி, மேலே அரையடியாவது திறந்து வையுங்கள். கெட்ட காற்று அவ்வழியே வெளியேறும், குஞ்சின்மேல் குளிர்காற்று நேரே படாது. முதல் நாள் குஞ்சின் முதுகு மட்டத்தில் 32 முதல் 34 டிகிரி வேண்டும். பிறகு வாரத்துக்கு 2, 3 டிகிரி குறைக்கலாம். வெப்பமானியை ஆள் உயரத்தில் மாட்டிப் பயனில்லை. குஞ்சு வருவதற்கு முந்தைய நாளே புரூடரை, அதாவது குஞ்சுக்குச் சூடு தரும் கருவியை, போட்டு உமியையும் சூடேற்றுங்கள். குஞ்சின் பாதத்தைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கக் கூடாது. புரூடரடியில் குவிந்தால் குளிர். விலகி வாய் பிளந்தால் சூடு. ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் காற்று புகுகிறது.

ஒப்பந்தத்தில் குஞ்சும் தீவனமும் தரும் நிறுவனங்கள், கொட்டகைக்கு ஒரு வெப்ப, ஈரப்பத மானியையும் சேர்த்தே தர வேண்டும்.

இப்படிக்கு,
கறிக்கோழிப் பண்ணையாளர்,
பல்லடம் வட்டாரம்