மலைக்கு மாற்றிய வண்டி, நான்குவழிச் சாலையில் ஏன் அதிர்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடும்பயணம் போகும் பைக் ஓட்டிகளுக்குக் கை மரத்துப் போவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பைப் படித்தோம். ஸ்பான்ஜ் கிரிப்பும் ஜெல் கையுறையும் போட்டால் சரியாகிவிடும் என்று அதில் இருந்தது. சமவெளிக்காரர்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். நீலகிரியில் இருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, அன்னூர் வழியாக அவிநாசியில் நான்குவழிச் சாலையைப் பிடித்து, பெருந்துறை, பவானி, சேலம் என்று போகிற வண்டிகளுக்குப் பொருந்தாது. அவற்றில் பல கம்பெனியில் இருந்து வந்தபடி இல்லை. மலை ஏறுவதற்காக மாற்றப்பட்டவை. கோளாறு அங்கே இருக்க, மருந்தைக் கையில் தடவி என்ன பயன்?

முதல் மாற்றம் முன் ஸ்பிராக்கெட், அதாவது இன்ஜின் பக்கத்தில் செயினை இழுக்கும் பல்சக்கரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கும் கொஞ்சமும்தான். காற்று குறைந்தால் இன்ஜினின் சக்தியும் அதே அளவுக்குக் குறையும். பர்லியாறில் இருந்து குன்னூர் வரை இரண்டு ஆளையும் ஒரு மூட்டையையும் சுமந்து ஏற 100, 125 சிசி வண்டிகள் திணறும். அதனால் முன்னால் ஒரு பல் குறைத்துப் போடுவது இங்கே வழக்கம்: 14 இருந்த இடத்தில் 13. ஏற்றத்தில் இதற்கு நல்ல பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே வண்டி சமவெளிக்கு வந்து 80 கி.மீ. வேகத்தில் ஓடும்போது, முன்பு நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றிய இன்ஜின் இப்போது 6,460 சுற்ற வேண்டியிருக்கிறது.

460 சுற்றுதானே என்று நினைக்கக் கூடாது. பிஸ்டன் மேலே போய் நின்று கீழே திரும்பும் ஒவ்வொரு தடவையும் இன்ஜினை உதைக்கிறது. அந்த உதை, சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். சுற்று இரட்டித்தால் உதை நான்கு மடங்கு. 14-க்குப் பதில் 13 பல் போட்டால் சுற்று 7.7 சதவீதம்தான் ஏறுகிறது. உதை 16 சதவீதம் ஏறுகிறது. ஒற்றை சிலிண்டர் வண்டியில், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கின் எதிர் எடையால் இதில் ஏறக்குறைய பாதியைத்தான் அடக்க முடியும். முழுவதையும் அடக்கும் அளவுக்கு எடை வைத்தால், மேலும் கீழுமாக இருந்த அதிர்வு முன்னும் பின்னுமாகத் திரும்பிக்கொள்ளும், அவ்வளவுதான். மிச்சத்தைத் தீர்க்க, கிராங்குக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுழலும் பேலன்சர் ஷாஃப்ட் வேண்டும். ராயல் என்ஃபீல்டின் பழைய 346 சிசி இன்ஜினில் அது கிடையாது. 2020-ல் அதே கம்பெனியின் மீட்டியர் வண்டியோடு வந்த 349 சிசி இன்ஜினில் உண்டு. இரண்டையும் ஒரே சாலையில் 90-ல் ஓட்டியவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

எதையும் கழற்றுவதற்கு முன், அதிர்வது இன்ஜினா சக்கரமா என்று பிரித்துப் பாருங்கள். 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 12 தடவைக்கு அருகில் சுற்றுகிறது. 6,000 சுற்றில் இன்ஜின் நொடிக்கு 100 தடவை சுற்றுகிறது. ஆகவே சக்கரக் கோளாறு உதறலாக வரும், ஹேண்டில்பார் ஆடுவது கண்ணுக்கே தெரியும். இன்ஜின் அதிர்வு குறுகுறுப்பாக வரும். கண்ணாடியில் பின்னால் வரும் லாரி கலங்கித் தெரியும், உள்ளங்கால் கூசும். சந்தேகம் தீரவில்லையா? காலியான நேர்ச் சாலையில் அதிர்வு வரும் வேகத்தை மாற்றாமல் ஒரு கியர் குறையுங்கள். அதிர்வின் குணம் மாறினால் இன்ஜின். மாறாமல் அப்படியே இருந்தால் சக்கரம், டயர், செயின் பக்கம் பாருங்கள். வண்டியை நிறுத்தி நியூட்ரலில் அதே சுற்றுக்கு முறுக்கினாலும் குறுகுறுப்பு வந்தால், இன்ஜினும் அதைத் தாங்கும் போல்ட்டுகளும்தான், வேறு எதுவும் இல்லை.

ஸ்பிராக்கெட்டைப் பழையபடி மாற்றுவது பெரிய வேலை அல்ல. பெரும்பாலான சின்ன வண்டிகளில் இடப்பக்க மூடியைக் கழற்றினால் இரண்டு போல்ட்டும் ஒரு பூட்டுத் தகடும்தான். ஆனால் ஒரு பல் கூடினால் பின் அச்சு 3 மி.மீ. சுமாருக்கு முன்னால் வர வேண்டும். அட்ஜஸ்டரைத் தளர்த்தாமல் செயினை இழுத்து மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். இறுகிய செயின் கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்றுவிடும், அதிர்வும் கூடும். கீழ்ச் செயினின் நடுவில் 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் இருக்கட்டும். அதைச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில் அளக்க வேண்டும். பின் ஸ்பிராக்கெட்டின் பின்புறத்தில் செயினை விரலால் இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். இன்னொன்று: கியர்பாக்ஸ் பக்கத்து சென்சாரில் இருந்து வேகம் காட்டும் வண்டிகளில், 13 பல் போட்டிருக்கும்வரை மீட்டர் உண்மையைவிட அதிகம் காட்டும். முன் சக்கரத்தில் இருந்து கேபிள் வரும் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மாதம் ஒருமுறையாவது சமவெளிக்குப் போகிறவர்கள் ஸ்பிராக்கெட்டில் கையே வைக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கொண்டை ஊசியில் முதல் கியர் போடுவது அவமானம் இல்லை.

கார்புரேட்டர் வண்டிகளில் இரண்டாவது மலை மாற்றம் ஒன்று உண்டு. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் கலவையில் பெட்ரோல் அதிகமாகி, பிளக் கருத்துப் போகும். அதற்காக மெயின் ஜெட்டில், அதாவது பெட்ரோல் வரும் துளையில், ஒரு அளவு சின்னது போடுவார்கள். இங்கே அது சரிதான். அதே ஜெட்டோடு பெருந்துறை வெயிலில் 80-ல் போனால் கலவை பெட்ரோல் குறைந்து மெலிந்துவிடும்: இன்ஜின் சூடேறும், திராட்டில் ஒரே இடத்தில் இருந்தாலும் வண்டி முன்னும் பின்னும் இழுக்கும், ஏற்றத்தில் டிக்டிக் என்று தட்டும். பிளக் முனை சாம்பல் கலந்த பழுப்பில் இல்லாமல் வெளுத்திருந்தால் இதுதான் காரணம். இறங்கும் முன் பழைய ஜெட்டைப் போடுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் அநேகமாக எல்லாமே ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். அவை தாமே சரிசெய்துகொள்ளும்.

டயர் காற்றைப் பற்றி ஒரு வேடிக்கை. ஊட்டியில் குளிர்ந்த காலையில் காற்றடித்துக் கீழே போனால், வெளிக் காற்றழுத்தம் கூடுவதால் கேஜில் 3 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறையும், வெப்பம் 20 டிகிரி ஏறினால் ஏறக்குறைய அதே அளவு திரும்பக் கூடும். கணக்கு தானாகவே நேராகிவிடுகிறது. ஆனாலும் மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்கிற நேரத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, டயரில் சின்னக் கசிவு இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் காப்பாற்றாது.

மலைச் சாலை அதிகம் கெடுப்பது, செயினின் இழுப்பைத் தாங்குவதற்காகப் பின் சக்கரத்துக்குள் இருக்கும் ரப்பர்களை. கல்லாறு வரை 14 கொண்டை ஊசிகளிலும் திராட்டிலை விடுவதும் முறுக்குவதுமாக இறங்கினால், ஒவ்வொரு தடவையும் அவை இரு பக்கமும் நசுங்குகின்றன. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்பிராக்கெட்டை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். லொடக் என்று தட்டினால் ரப்பர் போய்விட்டது. விலை சொற்பம், மாற்ற ஒரு மணி நேரம். இதைச் செய்யாமல் ஹேண்டில்பாருக்குச் செலவு செய்பவர்கள்தான் அதிகம்.

இன்ஜின் தாங்கும் போல்ட்டுகளில்தான் மெக்கானிக்குகளே தவறு செய்கிறோம். லூசான ஒன்றை மட்டும் பிடித்து முறுக்கினால், இன்ஜின் கொஞ்சம் கோணி நின்ற நிலையிலேயே இறுகிவிடும். பிறகு ஃபிரேம் முழுவதும் குறுகுறுக்கும். சரியான முறை: எல்லாவற்றையும் தளர்த்தி, இன்ஜினை ஒருமுறை ஆட்டி உட்காரவைத்து, எல்லாப் போல்ட்டையும் கையால் ஏற்றிவிட்டு, அதன்பின் முறுக்கின் அளவு காட்டும் டார்க் ஸ்பானரால் அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு முறுக்க வேண்டும். ரப்பர் புஷ்ஷில் உட்காரும் இன்ஜினாக இருந்தால் புஷ் கல்லாக இறுகியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே போல்ட்டை இன்னும் இறுக்குவது ரப்பரின் வேலையைக் கெடுக்கும். ஹேண்டில்பார் தாங்கிக்குக் கீழே புஷ் உள்ள வண்டிகளுக்கும் இதே கதைதான். கால் மிதியின் ரப்பர் கிழிந்து வெறும் இரும்பில் கால் வைத்துக்கொண்டு அதிர்கிறது என்பவர்களுக்கு என்ன சொல்வது?

இன்ஜின் திறந்து வேலை பார்த்த பிறகு புதிதாக அதிர்வு வந்திருந்தால் இரண்டு இடம். ஒன்று, பேலன்சர் கியரின் அடையாளப் புள்ளி கிராங்க் கியரின் புள்ளியோடு நேராக இல்லாமல் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கலாம். அப்போது பேலன்சர் அடக்க வேண்டிய அதிர்வை முழுதாக அடக்காது, தானும் ஒரு அதிர்வைச் சேர்க்கும். இரண்டு, பிஸ்டன். ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி) வேறு கம்பெனி பிஸ்டன் போடும்போது, பழையதையும் புதியதையும் அவற்றின் பிஸ்டன் பின்னோடும் ரிங்குகளோடும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 58 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள இன்ஜினில் 10 கிராம் வித்தியாசம், 6,000 சுற்றில் 11 கிலோ எடைக்கும் மேலான கூடுதல் உதையாக நொடிக்கு 100 தடவை வந்து விழும். நிறுக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் கடையில் இன்ஜினைத் திறக்க விடாதீர்கள். வைப்ரேஷன் குறையும் என்று ஆயிலில் ஊற்ற விற்கிறார்களே, அதற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை.

இத்தனையும் பார்த்த பிறகுதான் ஹேண்டில்பார். ஒவ்வொரு பாருக்கும் தானாக அதிரும் ஒரு சுற்று உண்டு. இன்ஜின் அந்தச் சுற்றைத் தொடும்போது குறுகுறுப்பு பெருகும். முனையில் எடை மாட்டினால் அந்தச் சுற்று கீழே இறங்கும். நீங்கள் ஓட்டும் வேகத்தில் இருந்து அது விலகிப் போனால் நிம்மதி. விலகாமல் நேராக அங்கேயே வந்து நின்றால் முன்பைவிட மோசம். ஆகவே வாங்கியதை மாட்டி ஓட்டிப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். வலப்பக்க கிரிப்புக்கும் முனை எடைக்கும் நடுவே 1 முதல் 2 மி.மீ. இடைவெளி கட்டாயம். உரசினால் திராட்டில் திரும்பாமல் நிற்கும். இறக்கத்தில் அது உயிர் விஷயம். செலவே வேண்டாம் என்பவர்கள், அதிகம் அதிரும் வேகத்தைக் குறித்துக்கொண்டு 5 கி.மீ. குறைத்து ஓட்டினாலே பாதித் தொல்லை போய்விடும்.

ஹேண்டில்பாரில் போனை மாட்டி மேப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பைக் இன்ஜினின் அதிர்வால் ஐபோன் கேமராவின் ஃபோகஸ் அமைப்பு கெடக்கூடும் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே அறிவித்தது. அதிர்வை உள்வாங்கும் தாங்கி இல்லையென்றால் போன் சட்டைப்பையில் இருக்கட்டும்.

கடைசியாக, உங்கள் குறிப்பில் சொன்ன கையுறைக்கு வருகிறோம். வாங்குவதானால் உள்ளங்கையில் தடித்த தையல் இல்லாததாகப் பாருங்கள். தடித்த ஸ்பான்ஜ் கிரிப்பை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். பருத்த கிரிப்பைப் பிடிக்கக் கை கூடுதலாக இறுக்க வேண்டும், இறுக்கினால் அதிர்வு இன்னும் நன்றாகக் கைக்குள் ஏறும். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போனால் உள்ளங்கையின் வெளி ஓரம் அழுந்துகிறது என்று பொருள். கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல் மரத்துப் போனால் மணிக்கட்டு மடங்கியிருக்கிறது. பிரேக், கிளட்ச் லீவரைக் கொஞ்சம் கீழே திருப்பி, முழங்கையும் மணிக்கட்டும் நேராக வரும்படி வையுங்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையில் வெறுங்கையோடு இறங்குபவர்களுக்கு மரத்தல் இரட்டிப்பாக வரும். குளிரில் விரலின் ரத்த நாளங்கள் ஏற்கெனவே சுருங்கியிருக்கும். அவர்களுக்குக் கையுறை கதகதப்புக்காகவே தேவை. இறங்கி நின்ற பிறகும் மறுநாள் வரை மரத்தல் தீராவிட்டாலோ, குளிரில் விரல் நுனி வெளுத்துப் போனாலோ மெக்கானிக்கிடம் வராதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

இப்படிக்கு,
குன்னூர் வட்டாரத்து பைக் மெக்கானிக்குகள் சிலர்