ராயபுரம் ரயில் நிலையத்தின் கதையைச் சேர்க்கக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள பெரியவர்களே, அக்கா, அண்ணன், தம்பி, தங்கைகளே, வணக்கம்.

ராயபுரம் ரயில் நிலையத்தின் வரலாற்றைப் பற்றி நாங்கள் வைத்த சிறு கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. நினைத்ததைவிட அதிகம் பேர் வந்து பார்த்தார்கள். உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் சிலர் இதற்குள் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டீர்கள். சிலர் கொடுப்பதைக் கொடுத்துவிட்டு விலாசம்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள். அதனால்தான் இந்தப் பொது மடல். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது உங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ராயபுரம் ஸ்டேஷன் என்றதும் எல்லோர் வாயிலும் வருவது 1856. தென்னிந்தியாவில் பயணிகளை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் கிளம்பிய இடம் இது. ஜூன் 28-ஆம் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் ஆற்காடு வரைக்கும், அதாவது இன்றைய வாலாஜா ரோடு வரைக்கும், ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு வண்டி ஓடத் தொடங்கியது. பம்பாய்க்கும் தாணேவுக்கும் நடுவே 1853-லேயே ரயில் ஓடிவிட்டது. ஹவுராவில் 1854-ல் ஓடியது. ஆனால் அந்த இரண்டு இடங்களிலும் அன்றைய நிலையக் கட்டடம் இன்று இல்லை. ராயபுரத்தில் இருக்கிறது. இந்தத் துணைக்கண்டத்தில் இன்றும் நின்றுகொண்டிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் நம் தெருக்கோடியில் இருக்கிறது என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

இவ்வளவும் ஏற்கெனவே அச்சில் வந்த செய்திதான். அதற்கு அப்புறம் என்ன நடந்தது என்று கேட்டால் ஆளில்லை. 1873-ல் சென்ட்ரல் வந்தது. வெளியூர் வண்டிகள் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே போயின. பின்னாளில் இந்தப் பாதையை நடத்திய மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் தலைமை அலுவலகமும் 1922-ல் சென்ட்ரல் பக்கத்துப் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. பீச்சுக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் நடுவே லோக்கல் வண்டி அரை நிமிடம் நின்று போகும் ஒரு சின்ன ஸ்டேஷனாக ராயபுரம் ஆனது. அந்த நீண்ட காலத்திலும் இங்கே தினமும் யாரோ டிக்கெட் கொடுத்தார்கள், யாரோ கொடி காட்டினார்கள், யாரோ கூடை சுமந்து ஏறினார்கள். எனக்கு அவர்களுடைய கதைதான் வேண்டியிருந்தது. அதைக் கொடுத்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி எழும்பூர் ஆவணக் காப்பக ஊழியர்களுக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடிதக் கட்டுகளை நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு பார்த்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து சுழித்த கையெழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினீர்கள். ராயபுரம் பாதையை அமைத்த மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போட்ட முதலுக்கு ஐந்து சதவீத வட்டிக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது என்று படித்திருந்தேன். அந்த உத்தரவாதம் நம் மக்கள் கட்டிய வரிப்பணத்திலிருந்து வந்தது என்பதை எனக்குப் புரியும்படி விளக்கியவர் நீங்கள்தான் அம்மா. செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குக் கல் ஏற்றிவர 1837-லேயே ஒரு ரயில் பாதை போட்டிருந்தார்கள் என்று நினைவுபடுத்தியதும் நீங்கள்தான். அந்தப் பாதை இல்லாமல் சென்னையின் ரயில் கதையைத் தொடங்கியிருந்தால் குறையாகத்தான் இருந்திருக்கும்.

காசிமேட்டு மீனவப் பெரியவர் ஒருவர் எங்களை உட்கார வைத்துக் கடலைப் பற்றிப் பேசினார். ஸ்டேஷனைக் கேட்க வந்தால் இவர் கடலைச் சொல்கிறாரே என்று கூட வந்த பிள்ளைகள் நெளிந்தார்கள். ஆனால் அவர் சொன்ன பிறகுதான் விஷயம் துலங்கியது. அன்றைக்குச் சென்னையில் துறைமுகம் கிடையாது. கட்டத் தொடங்கியதே 1875-ல். அதற்கு முன்பு கப்பலெல்லாம் தூரக் கடலில் நிற்கும். கப்பலில் வந்த சரக்கு பெரும்பாலும் மசூலா என்ற, கயிற்றால் தைத்த பலகைப் படகில் இறங்கி அலை தாண்டித்தான் கரைக்கு வரும். ரயில் நிலையம் ஏன் வடக்கே, கடலோரமாக, கறுப்பர் நகர (இன்றைய ஜார்ஜ் டவுன்) மதிலுக்கு வெளியே வந்தது என்ற கேள்விக்கு வியாபாரிகளும் கடைவீதியும் இந்தப் பக்கம் இருந்ததும் கரை கிட்டே இருந்ததும்தான் பதில். ராயப்பர் (புனித பேதுரு) ஆலயத்தை எழுப்பியதும் அந்தப் படகுக்காரச் சமூகம்தான். ஐயா, உங்கள் பாட்டனார்களின் தோள் வலிமையைக் கண்காட்சியின் முதல் பலகையிலேயே எழுதி வைத்தோம்.

இனி புக்கிங் கிளார்க் ஐயாவுக்கு. உங்களைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிஸ்கட் டின்னில் நீங்கள் பத்திரப்படுத்தி வைத்திருந்த அட்டை டிக்கெட்டுகளைத்தான் கண்காட்சியில் அதிகம் பேர் குனிந்து பார்த்தார்கள். ஏறத்தாழக் கட்டைவிரல் நீளமே உள்ள கெட்டி அட்டை. இரண்டு முனையிலும் அதே எண். கிழித்தாலும் எந்தத் துண்டிலும் எண் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி என்றீர்கள். இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஸ்டேஷன் மாஸ்டர், பயணச்சீட்டைக் கையால் எழுதி எழுதிச் சலித்து, 1830-களின் கடைசியில் கண்டுபிடித்த முறை அது. கம்ப்யூட்டர் டிக்கெட் வரும் வரைக்கும் நம் ரயில்வேயும் அதையே வைத்துக்கொண்டிருந்தது. இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அலமாரிக் குழாயின் அடியிலிருந்து ஒற்றை விரலால் ஒரு டிக்கெட்டை இழுத்து, தேதி மெஷினின் வாயில் ஒரு முனையைக் கொடுத்து, 'டக்'கென்று சத்தம் வந்ததும் அதே அசைவில் சில்லறையோடு ஜன்னலுக்கு வெளியே தள்ளுவதை நீங்கள் எங்கள் எதிரே வெறுங்கையால் செய்து காட்டினீர்களே, அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. குழந்தைக்கு அரை டிக்கெட் என்றால் அட்டையின் ஓரத்தைக் குறுக்கே வெட்டி அந்தத் துண்டைக் கணக்குக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஷிப்டு முடியும்போது ஒவ்வொரு குழாயிலும் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்து டி.டி.சி. என்ற அன்றாடக் கணக்குப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஒரு டிக்கெட் குறைந்தால் கைக்காசு. "கூட்ட நேரத்துல கை தானா ஓடும் தம்பி, மனசு மட்டும் நம்பரை எண்ணிக்கிட்டே இருக்கும்" என்று சொன்னீர்கள். அந்த வரியை அப்படியே பெரிய எழுத்தில் ஒட்டினோம்.

ராயபுரம் ரயில்வே அச்சகத்தில் வேலை பார்த்த நண்பர்களையும் புக்கிங் கிளார்க் ஐயாதான் அறிமுகப்படுத்தினார். ரயில்வே அச்சகம் நம் பேட்டையிலேயே இருந்தது என்பது வெளியே பலருக்குத் தெரியாது. மை வாசனையைப் பற்றி நீங்கள் பேசியதைப் பதிவுசெய்து வைத்திருக்கிறோம், அண்ணா.

சிக்னல் கேபினில் லீவர் இழுத்த பெரியவருக்கு என் வணக்கம். தடம் மாற்றும் பாயிண்டுக்கு இரும்புத் தண்டு போகும், சிக்னலுக்குக் கம்பி போகும் என்று தொடங்கி, வெயிலில் கம்பி நீண்டு தொய்யும், அதைப் பார்த்து முறுக்கிச் சரிசெய்யாவிட்டால் சிக்னலின் கை சரியாக இறங்காது என்பது வரை பொறுமையாகச் சொன்னீர்கள். ஒரு லீவர் இழுபட்டால்தான் அடுத்தது விடும். தப்பான பாதைக்கு வண்டியை விட மனிதன் நினைத்தாலும் இரும்பு விடாது. இன்டர்லாக்கிங் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருந்த எங்களுக்கு அது என்னவென்று கண்ணுக்குத் தெரிந்தது உங்கள் வீட்டுத் திண்ணையில்தான். உங்கள் உள்ளங்கையைப் படம் எடுக்க அனுமதித்ததற்குத் தனியாக ஒரு நன்றி.

ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி அவர்களே, உங்கள் அப்பா எஞ்சினில் கரி போடும் ஃபயர்மேனாகச் சேர்ந்து டிரைவரான கதையைச் சொல்லி, அவர் சாப்பாட்டுக் கேரியரையும் கண்காட்சிக்குக் கொடுத்தீர்கள். பெரம்பூர் பட்டறையும் ராயபுரம் ஸ்டேஷனும் ஒரே 1856-ல் தொடங்கியவை. இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை குடும்பங்கள் வாழ்ந்து முடித்தன என்பதை உங்கள் ஆல்பம் காட்டியது.

மீன்கூடை அக்காக்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஏலம் முடிந்து விடியலில் ஸ்டேஷனுக்கு ஓடி வரும் அவசரத்திலும் நின்று பேசினீர்கள். "இன்னா கண்ணு, கட்டடத்தப் பத்தி எழுதறியே, அந்தத் தண்ணிக் குழாயப் பத்தி எழுது. அது இல்லேன்னா எங்களுக்கு ஸ்டேசனே இல்ல" என்றார் ஒருவர். எழுதியிருக்கிறோம் அக்கா. ஆவடிப் பக்கம், திருவள்ளூர்ப் பக்கம் போய் விற்றுவிட்டு மத்தியானம் திரும்பும் உங்கள் வழக்கத்தை வரைபடமாகவே போட்டோம். 1856-ன் தொடக்க நாளன்று இரண்டு வண்டிகள் கிளம்பின. கவர்னரும் ஐரோப்பியர்களும் ஆற்காட்டுப் பக்கம் போன வண்டியில் இருந்தார்கள். நம் ஜனங்கள் ஏறிய இன்னொரு வண்டி திருவள்ளூர் வரைக்கும் போயிற்று. அதே திருவள்ளூர்ப் பாதையில் இன்றைக்கு நீங்கள் தினமும் போய் வருகிறீர்கள். கண்காட்சிக்கு வந்த வயதான ஒருவர், அன்றைய பயணத்தையும் இன்றைய பயணத்தையும் சொன்ன அந்த இரண்டு பலகைகளுக்கு முன்னால் வெகு நேரம் நின்றார்.

தூண்களை அளந்து வரைந்த மாணவ மாணவியரே, சிவப்புச் சுவரும் வெள்ளைத் தூண்களும் ஒரு தாளுக்குள் அவ்வளவு நேர்த்தியாக வந்ததைப் பார்த்துக் கட்டடம் தெரிந்தவர்களே பாராட்டினார்கள். நடைமேடையில் பயணிகளுக்கு இடைஞ்சல் இல்லாமல், தண்டவாளப் பக்கம் கால் வைக்காமல் வேலை செய்தீர்கள். அதற்கு அனுமதி கொடுத்து, நடுவே வந்து பார்த்து, வெயிலுக்கு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்த நிலைய ஊழியர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்னொரு கூட்டத்தாருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவர்களில் பெரும்பாலோரை நான் பார்த்ததில்லை. இந்தக் கட்டடம் கவனிப்பாரற்றுச் சிதைந்து கிடந்த காலத்தில் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதியவர்கள், மனுக் கொடுத்தவர்கள், பாரம்பரியக் கட்டடங்களுக்காகப் பேசியவர்கள். 2005-ல் நிலையம் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது என்றால் அது உங்கள் விடாப்பிடியால்தான். ராயபுரத்தைப் பெரிய முனையமாக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு, அப்படி ஆக்கினால் பழைய கட்டடத்துக்கு ஆபத்து என்று அஞ்சுபவர்களும் உண்டு. என் மனதைக் கேட்டால், வண்டி நிற்கும் ஸ்டேஷனாகவே இது இருக்க வேண்டும், அந்தத் தூண்களில் ஒன்றின் மேலும் கைபடக் கூடாது. இரண்டும் சேர்ந்தே நடக்க முடியும் என்று நம்புகிறேன். கண்காட்சியில் கையெழுத்துப் புத்தகத்தில் எழுதியவர்களில் அநேகம் பேர் இதையேதான் எழுதியிருந்தார்கள்.

பந்தல் போட்டவர், பலகை எழுதியவர், மின்விசிறி இரவல் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர், தேநீர் வாங்கி வந்த சிறுவர்கள், எல்லோருக்கும் நன்றி.

சில செய்திகள். பேச்சுப் பதிவுகளை முழுவதும் எழுத்தாக்கிக்கொண்டிருக்கிறோம். உங்கள் பகுதியை உங்களிடம் படித்துக் காட்டி, நீங்கள் சரி என்ற பிறகுதான் அச்சுக்குக் கொடுப்போம். கொடுத்த அசல் படங்கள், டிக்கெட்டுகள், கேரியர் எல்லாம் துணியில் சுற்றி, பெயர் எழுதிப் பத்திரமாக வைத்திருக்கிறோம். வர முடிந்தவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வர முடியாதவர்களுக்கு நாங்களே கொண்டுவந்து தருகிறோம். பின்புறம் எதுவும் எழுதாத படம் ஒன்று மட்டும் யாருடையது என்று தெரியாமல் எங்களிடம் இருக்கிறது. சரக்குக் கொட்டகை முன்னால் வரிசையாக நிற்கும் கலாசிகள் (ரயில்வே கூலித் தொழிலாளர்கள்), கடைசியில் ஒரு சிறு பையன். உங்கள் வீட்டுப் படமாக இருந்தால், நிற்பவர்களில் ஒருவர் பெயராவது தெரிந்தால், தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள்.

நன்றியுடன்,
ராயபுரத்திலிருந்து உங்களில் ஒருவன்