படிப்பகத் திருப்பணி நிறைவு அறிக்கை: வடக்குச் சுவரும் எடப்பாளையம் மாளிகையும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் கமிட்டியின் வணக்கம்.

நம் ஊர்ப் படிப்பகத்தின் திருப்பணி நல்லபடியாக முடிந்துவிட்டது. ஒழுகிய ஓடுகளை மாற்றியாயிற்று, தரை பூசியாயிற்று, பத்திரிகை மேசைகளுக்கு வார்னிஷும் அடித்தாயிற்று. வரவு செலவுக் கணக்கு வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறது. ரசீதுகளையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

அதிக வேலை வாங்கியது வடக்குச் சுவர். ஓதம் ஏறிப் பொரிந்திருந்த பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, மறுபடி பூசி, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டோம். அதன்மேல்தான் தேக்கடி ஏரியையும், எடப்பாளையத்தில் இருக்கும் திருவிதாங்கூர் மகாராஜாவின் மாளிகையையும் வரைந்திருக்கிறோம்.

"அந்த ஊர் ராஜாவின் வேட்டை மாளிகை நம் படிப்பகத்தில் எதற்கு?" என்று பொதுக்கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த மாளிகைக்கு முன்னால் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் கம்பம் பள்ளத்தாக்கில் நம் வயலுக்கு வருகிறது. மேற்கே கடலுக்கு ஓடிய பெரியாற்றை மறித்து பென்னிகுயிக் கட்டிய அணை 1895இல் முடிந்தது. தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நம் பக்கம் இறங்கியது. மேலே காட்டுப் பள்ளங்களெல்லாம் ஏரியாயின. நீர் சூழ்ந்த மேடு ஒன்றில் அரச குடும்பத்துக்காக எழுந்ததுதான் அந்த மாளிகை. இன்றும் படகில்தான் போகிறார்கள்.

வேட்டைக்குப் பேர்போன அந்தக் காட்டை 1934இல், சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில், நெல்லிக்காம்பட்டி சரணாலயம் என்று அறிவித்தார்கள். 1950இல் அது விரிந்து பெரியாறு சரணாலயமானது, 1978இல் புலிகள் காப்பகமானது. மாளிகை இப்போது கேரள அரசின் சுற்றுலாக் கழகம் நடத்தும் விடுதி. துப்பாக்கியோடு போய்வந்த காட்டைக் காப்பாற்றவும் ஒரு அரசுக்கு மனம் வந்ததே, அதைத்தான் நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று நினைத்தோம். காடு இல்லாமல் போயிருந்தால் ஏரிக்கு இவ்வளவு தண்ணீர் ஏது?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏரிக்குள் நிற்கும் மரங்களுக்கு ஓவியர் பச்சை இலை போட்டுவிட்டார். கமிட்டியில் யாரும் கவனிக்கவில்லை. பேப்பர் படிக்க வந்த பெரியவர் ஒருவர்தான், "தம்பி, அதெல்லாம் அணை கட்டினப்போ முங்கின மரம். பட்டுப்போய் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றார். ஓவியர் முகம் கோணாமல் இரண்டு நாள் கூடுதலாக உட்கார்ந்து, இலைகளை அழித்துக் கரிய மொட்டைக் கட்டைகளாக்கினார். ஒரு கட்டையின் உச்சியில் சிறகு விரித்துக் காயும் நீர்க்காகம் ஒன்றையும் அவராகவே வரைந்தார். கூலி கேட்கவில்லை. அவருக்கு நம் எல்லோர் சார்பிலும் நன்றி.

சுவரிலுள்ள எழுத்துகளைச் சிறு பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் வைத்திருக்கிறோம். சுவரின் இடது மூலையில் கையகலத்துக்கு மறுபடி ஈரம் தெரிகிறது. மழை விட்டதும் வெளிப்புறத்தில் தோண்டிப் பார்த்துச் சரிசெய்வோம். அதுவரை அந்தப் பக்கம் பெஞ்சை ஒட்டிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.